எண்பத்து நான்கு மில்லிமீற்றர் பூச்சியம்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம், என் வேலையைப் பொறுப்பேற்க வந்த ரிஸ்னா என்ற இளம் உத்தியோகத்தர், என் பழைய நிரல் ஒன்றைத் திரையில் மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக் கேட்டார்.

"சேர், இந்த ஒரு பக்கமும் என்ன செய்யுது?"

"மூணு எழுத்த வாசிச்சு ஒரு எண்ணா மாத்துது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கு ஒரு வரி போதுமே சேர். ரெடிமேடா இருக்கே."

"இருக்கு. அந்த ஒரு வரியால ஒரு அம்மாவுக்கு வேலையும் போகப் பாத்துச்சு, குடியிருக்கிற காம்பராவும் போகப் பாத்துச்சு."

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து ரிஸ்னா சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடந்ததை நடந்தபடி சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தெரணியகலை பஸாரில் அப்பாவுக்குச் சில்லறைக் கடை. எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்துபவனாகச் சில வருடங்கள் இருந்தேன். தலைமைத் திருத்துநர் எனக்குச் சொல்லித் தந்தது ஒரே விதி: எண் விளங்காவிட்டால் விளிம்பில் கேள்விக்குறி போடு, உன் பாட்டில் ஓர் எண்ணைப் போட்டுவிடாதே. மரண அறிவித்தலில் வயது பிழைத்தால் மறுநாள் காலை செத்தவரைத் தவிரக் குடும்பம் முழுவதும் வாசலில் நிற்கும். பிறகு அச்சுக்கூடத்துக்குக் கணினி வந்தது. அது பழுதானபோது அதைத் திறந்து பார்க்கப் பயப்படாத ஆள் நான் ஒருவன்தான் என்பதால் கணினிப் பக்கம் தள்ளப்பட்டேன். மாலை வகுப்பில் 'சீ' என்ற கணினி மொழி படித்தேன். தோட்டங்களைக் கம்பனிகள் நிர்வகிக்கத் தொடங்கிய தொண்ணூறுகளில் ஒரு கம்பனியின் இரத்தினபுரி அலுவலகத்தில் கணினி உத்தியோகத்தனாகச் சேர்ந்தேன். ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு மழை அங்கியும் தந்தார்கள். இரண்டில் மழை அங்கிதான் அதிகம் உழைத்தது.

சப்ரகமுவையில் மழை பெய்வது செய்தி அல்ல. ஆனால் ரப்பர் தோட்டத்தில் அது ஒரு முடிவு. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் வெட்டிய கோட்டில் நில்லாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும், பட்டையும் கெடும். ஆகவே ஒவ்வொரு நாளும் விடிகிற நேரத்தில் யாரோ ஒருவர் இன்று மழை நாளா, வெட்டு நாளா என்று சொல்லியாக வேண்டும். கள உத்தியோகத்தர் ஒரு மரத்தில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துப் பார்ப்பார். கை நனைந்தால் மழை நாள். அதுதான் வழக்கம்.

தெரணியகலைப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) இந்த வழக்கம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அங்கே மழை ஒரு பேச்சுவார்த்தை. தீமிதித் திருவிழாவுக்கு மறுநாள் தவறாமல் மழை நாள். வெசாக் விளக்குகள் பார்க்கப் போய்வந்த மறுநாள் மழை நாள். உலகக் கிண்ணக் கிரிக்கெட் நடந்த சமயம் அந்த மலையில் மட்டும் பருவமழை முன்கூட்டியே தொடங்கியது. கள உத்தியோகத்தர் விமலதாச நல்ல மனிதர். கையை மரத்தில் வைக்குமுன் முகத்தைக் கழுவுவார், கையைத் துடைக்க மறந்துவிடுவார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையாக ஜயசிங்க வந்தது இந்த மழைக்குள்தான். அவரை முட்டாள் என்று நினைத்தால் இந்தக் கதை விளங்காது. நான் பார்த்த துரைமார்களில் பொய் சொல்லாதவர் அவர். முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, கையில் கறுப்புக் குடை. குரல் உயராது. ஆங்கிலத்தில் யோசிப்பார், சிங்களத்தில் சாமி கும்பிடுவார், தோட்டத் தமிழில் ஏசுவார். யார் எதைச் சொன்னாலும் தலையைச் சற்றுச் சாய்த்து ஒரே கேள்வி கேட்பார்: "எழுத்துல இருக்கா?" இருந்தால் நம்புவார். இல்லாவிட்டால் அந்தச் சங்கதி உலகத்தில் நடக்கவில்லை. தன் பல்வலியைக்கூட அவர் தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் துண்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார் என்று தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் சொல்வார்.

பேச்சுவார்த்தை மழையை ஒழிக்க அவர் கொண்டுவந்ததுதான் இயந்திரம். தொழிற்சாலைக் கூரைக்கு மேலே மழைமானி ஒன்று. அதற்குள் ஒரு சிறிய வாளி. நிறைந்தால் கவிழும், கவிழ்வதை ஒரு பெட்டி எண்ணும். விடியலிலிருந்து மறு விடியல்வரை சேரும் மொத்த மழை, பெட்டியிலிருந்து கேபிள் வழியாகக் கால் மணிக்கொரு முறை மூன்று எழுத்துகளாக அலுவலகக் கணினிக்கு வரும். ஏழு மில்லிமீற்றர் என்றால் பூச்சியம், பூச்சியம், ஏழு. கணினியில் கொழும்பு நிறுவனமொன்று எழுதிக் கொடுத்த நிரல். அது மூன்று எழுத்துகளையும் எண்ணாக மாற்றி, சிட்டை என்ற சிறு காகிதத் துண்டில் அச்சடிக்கும். விடியும்போது எண் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் தொழிற்சாலைச் சங்கை ஒரே நீளமாக ஊதும். மழை நாள், படுத்துக்கொள்ளலாம். ஐந்துக்குக் குறைந்தால் இரண்டு முறை ஊதும். எல்லாரும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு வர வேண்டும். இடையில் மனிதக் கை எதுவும் படாது. அதுதான் துரைக்குப் பிடித்த அம்சம்.

முதல் இரண்டு மாதம் இயந்திரம் ஒரு பிழையும் விடவில்லை. மழை பெய்யவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் சில நாட்கள் ஈரத்தில் சங்கு இரண்டு முறை ஊதியது. சனங்கள் முணுமுணுத்துக்கொண்டு போய் வெட்டினார்கள். பால் வழிந்து வீணானது. துரை அதைக் கவனக்குறைவு என்று எழுதினார். பிறகு அந்த நாள் வந்தது. முந்தின மாலை தொடங்கிய மழை விடியும்போதும் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஓடை பாலத்துக்கு மேலால் போனது. அந்த மழைக்குள் சங்கு இரண்டு முறை ஊதியது.

நூற்றிருபது பேர் பெரட்டுக் களத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். விமலதாச குடைக்குள் நின்று சிட்டையை வாசித்தார். இந்தப் பகுதியை அங்கே நின்ற பலரிடம் தனித்தனியாகக் கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்.

"இன்னிக்கு மழை பூச்சியம். எல்லாரும் மலைக்குப் போகணும்."

முன்வரிசையில் நின்ற பூங்காவனம் என்ற பால்வெட்டுப் பெண் கையை உயர்த்தினார்.

"ஐயா, கொடய மடக்கிட்டு அதையே இன்னொருக்கா வாசிங்க."

களம் சிரித்தது. விமலதாசவும் பாதி சிரித்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் குடையை மடக்கவில்லை.

"பூங்காவனம், நான் என்ன செய்ய? கம்பியூட்டர் சொல்லுது."

"அப்ப கம்பியூட்டர்கிட்ட ஒரு கத்தியும் வாளியும் குடுத்து மலைக்கு அனுப்புங்க. அதுக்குத்தான் நனையாதே."

சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நோக்கி நடந்தார். மற்றவர்களும் பின்னால் நடந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன்பே துரை குற்றப்பத்திரத்தைச் சொல்லி எழுதுவித்துவிட்டார்: மழை இல்லாத நாளில் வேலை மறுத்தது, ஏனையோரையும் தூண்டியது. வேலையிலிருந்து இடைநிறுத்தி உள்ளக விசாரணை. குற்றம் நிரூபணமானால் பேர் வெட்டு, அதாவது வேலை நீக்கம். பேர் வெட்டினால் லயக் காம்பராவும் தோட்டத்துக்கே திரும்பப் போகும். அந்தக் காம்பராவில் பூங்காவனத்தோடு இரண்டு மகள்மாரும் நடமாட முடியாத மாமியாரும் இருந்தார்கள். கணவர் இறந்திருந்தார். போக வேறு இடமில்லை.

விசாரணையில் இயந்திரம் ஒழுங்காக இயங்குகிறது என்று சாட்சி சொல்ல என்னை அனுப்பினார்கள். அதைச் சொல்லுமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று முதல் நாளே போனேன்.

மழைமானியின் கேபிளைக் கழற்றிவிட்டு, அதே துளையில் என் கணினியைக் கோர்த்தேன். இனி மழை என் விரலில். பூச்சியம் பூச்சியம் ஒன்று என்று தட்டினேன். சிட்டை 1 என்றது. இரண்டு, மூன்று, ஏழுவரை சரி. எட்டைத் தட்டினேன். சிட்டை 0. ஒன்பது, மீண்டும் 0. பத்தைத் தட்டினேன். 8 என்று அச்சடித்தது. பத்து மில்லிமீற்றர் பெய்த பிறகுதான் எட்டு எங்கே என்று இயந்திரத்துக்கு ஞாபகம் வருகிறது. பதினெட்டு என்றால் ஒன்று. எழுபத்தொன்பது என்றால் ஏழு. எண்பதிலிருந்து தொண்ணூற்றொன்பதுவரை எதைத் தட்டினாலும் பூச்சியம். நூறு என்றதும் நூறு. பெட்டியின் எண்ணியைப் போய்ப் பார்த்தேன். குறித்த நாளின் அளவு அதில் இன்னும் அழியாமல் இருந்தது. எண்பத்து நான்கு.

நிரலைத் திறந்தால், ரிஸ்னா சொன்ன அந்த ஒற்றை வரி. எழுத்துகளை எண்ணாக்கும் அந்த ஆயத்த வழியில் ஒரு வசதி உண்டு. எண் எதை அடியாகக் கொண்டது என்று நாம் சொல்லாவிட்டால் அதுவே ஊகித்துக்கொள்ளும். முதல் எழுத்து பூச்சியமாக இருந்தால் அது எட்டை அடியாகக் கொண்ட எண் என்று அதன் ஊகம். எட்டை அடியாகக் கொண்ட கணக்கில் பூச்சியம் முதல் ஏழுவரைதான் இலக்கங்கள். பத்தை அடியாகக் கொண்ட நமக்குப் பத்துக்கென்று தனி இலக்கம் இல்லாதது போல, அங்கே எட்டு என்ற இலக்கமே கிடையாது. ஆகவே அது பூச்சியத்தைப் படித்து, எட்டைக் கண்டதும் நின்று, அதுவரை படித்ததை விடையாகத் தந்தது. எந்த இடத்தில் நின்றேன் என்பதையும் அது சொல்லத் தயாராகவே இருந்தது. எழுதியவர் கேட்கவில்லை. கேபிள் கழன்று ஒன்றுமே வராவிட்டாலும் அதே பூச்சியம்தான். மழை இல்லை, எனக்குப் புரியவில்லை, எனக்கு ஒன்றும் வரவில்லை என்ற மூன்று செய்திக்கும் அந்த நிரலிடம் ஒரே சொல்தான் இருந்தது.

துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மிஸ்டர் நடராஜா, மெஷினுக்கு எட்டுத் தெரியாதுன்னு சொல்றீங்க."

"முன்னால பூச்சியம் வந்தா தெரியாது சேர்."

"நூத்தியெட்டு?"

"அது தெரியும் சேர்."

"அப்ப நூத்தியெட்டுத் தெரியும், எட்டுத் தெரியாது."

"ஆமா சேர்."

நாற்காலியை என் பக்கம் நெருக்கினார். நான் குடித்திருக்கிறேனா என்று அவர் யோசித்ததாகப் பின்னர் பெரிய கிளாக்கர் சொன்னார்.

"எழுத்துல தாங்க."

தந்தேன். அன்று பின்னேரமே கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குத் தொலைநகலில் போய், ஒரு மணித்தியாலத்தில் பதிலும் வந்தது. பெட்டி 84 என்கிறது, நிரல் 0 என்கிறது, இரண்டும் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற உபகரணங்கள், எனவே சராசரியாக 42 என்று கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். அதோடு, விசாரணை முடியும்வரை நிரலில் எதையும் மாற்றக்கூடாது, அது தடயப் பொருள் என்றும் இருந்தது. துரைக்கு இரண்டாவது வரி பிடித்திருந்தது. நாற்பத்திரண்டு பிடிக்கவில்லை. அவ்வளவு மழையை ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை.

மறுநாள் விசாரணை, தகரக் கூரை போட்ட தொழிற்சாலை அலுவலகத்தில். அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். தொழில் பிணக்குகளில் ஊறி ஓய்வு பெற்ற மெல்லிய மனிதர், இருமல்காரர். சின்னக் கார் ஒன்றில் வந்திருந்தார். அவர் சிங்களத்தில் கேட்பார், பெரிய கிளாக்கர் தமிழில் சொல்வார். பூங்காவனத்துக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் தமிழில்தான் பேசுவேன் என்றுவிட்டார். அப்படியானால் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் காதில் வாங்கிப் பதிலை யோசிக்கலாம். அவர் பக்கத்தில் தோட்டத் தலைவர் இராமையா, தொழிற்சங்கத்தின் சார்பில். வாசலில் பூங்காவனத்தின் மகள்மார். மூத்தவள் காம்பராச் சாவியைக் கைக்குள் வைத்திருந்தாள், யாரும் கேட்டுவிடுவார்களோ என்பது போல.

"அன்னிக்கு மழை பெஞ்சதா?"

"பெஞ்சுச்சுங்க."

"எப்படித் தெரியும்?"

"நனைஞ்சேங்க."

"நனைஞ்சது மழையாலதான்னு எப்படிச் சொல்றீங்க?"

பூங்காவனம் பெரிய கிளாக்கர் பக்கம் திரும்பினார். "ஐயா, அவர் கேட்டதத்தான் சொன்னீங்களா?"

"அதத்தான்மா சொன்னேன்."

"அப்ப எழுதிக்கச் சொல்லுங்க. நூத்தி இருவது பேரு ஒரே நேரத்துல சாக்கைப் போட்டுக்கிட்டு, சீலையோட குளிக்கிற பழக்கம் எங்க தோட்டத்துல இல்லீங்க."

துரை எழுந்து, மனிதருக்கு மழையைக் கூட்டிச் சொல்லக் காரணம் உண்டு, இந்தத் தோட்டத்தில் அது பழைய நோய், இயந்திரத்துக்குப் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கிறது என்று கேட்டார். தலைவர் இராமையா சொன்னார்:

"பொய் சொல்லுதுன்னு நாங்க சொல்லலீங்களே தொரை. எட்டுத் தெரியாது, அவ்வளவுதான். எனக்கு இங்கிலீசு தெரியாது. அதுக்காக நான் பொய்க்காரனா?"

என்னைக் கூப்பிட்டார்கள். இயங்குகிறது, ஆனால் பிழையாக என்றேன். அதிகாரி, காட்ட முடியுமா என்றார். கணினியைக் கோர்த்து, ஏதாவது ஓர் எண் சொல்லுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துத் தன் வயதைச் சொன்னார்: ஐம்பத்தெட்டு. பூச்சியம், ஐந்து, எட்டு. சிட்டை 5 என்றது.

அதிகாரி சிட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. துரையின் வயதைக் கேட்டார். நாற்பத்தொன்பது. சிட்டை 4. தலைவர் இராமையா தானே முன்வந்து அறுபத்தொன்று என்றார். அதில் எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை. எட்டுக் கணக்கில் அது முழுதாகவே மாறி, 49 என்று வந்தது. "நல்ல மெசினுதானுங்க," என்றார் தலைவர், மீசையைத் தடவியபடி. "எனக்கு முன்னாடியே காட்டியிருக்கலாம்."

"அந்த அம்மாவுக்கு?"

"முப்பத்தெட்டுங்க."

3.

பூங்காவனம் சிட்டையை எட்டிப் பார்த்தார். "அஞ்சு வயசும் நாலு வயசும் சேந்து மூணு வயசுப் புள்ளைய வெசாரிக்கிறீங்களா? பெரிய மனுசன்னு இங்க தலைவர் ஒருத்தர்தான் இருக்காரு."

அதிகாரி இருமும்வரை சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னது யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

"இயந்திரத்துக்கு எட்டுத் தெரியுமா என்பது இந்த விசாரணையில் இல்லை. அன்று மழை நாளா என்பதற்குத் தோட்டத்திடம் உள்ள ஒரே பதிவு சிட்டை. அது பூச்சியம் என்கிறது. தொழிலாளி வேறு சொல்லலாம், இவரும் வேறு சொல்லலாம். ஆனால் நிர்வாகத்தின் பதிவைப் பிழை என்று நிர்வாகம் சொல்ல வேண்டும். மிஸ்டர் ஜயசிங்க, நிர்வாகம் அப்படிச் சொல்கிறதா?"

துரை எழுந்து நின்றார். குரல் வழக்கம் போலவே இருந்தது.

"நிர்வாகத்தின் நிலைப்பாடு சிட்டை."

அதிகாரி பேனாவைத் திறந்தார். பூங்காவனத்தின் கை, உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையின் விளிம்பை இறுகப் பிடித்தது. அதுவரை பேசிய பேச்சுக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கிடையில் மழை பிடித்திருந்தது. நான் கேபிளைத் திரும்ப மாட்டியிருந்தேன். கால் மணிக்கொரு முறை சிட்டை இயந்திரம் மூலையில் கீச்சிட்டபடி இருந்தது. அதிகாரி பக்கம் பக்கமாக எழுதினார், எழுத எழுத மழை வலுத்தது. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் பெரிய கிளாக்கர் மொழிபெயர்ப்பைக் கத்த வேண்டியதாயிற்று. அப்போது அதிகாரியின் கார்ச் சாரதி வந்து, ஓடை ஏறுகிறது, இன்னும் கொஞ்சம் இருந்தால் கார் பாலத்தைத் தாண்டாது என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கடதாசிகளை அவசரமாக அள்ளினார்.

"ஹரி, சரி, மழை கூடுது. எழும்புவோம். தீர்ப்பை அடுத்த கிழமை சொல்றேன்."

எல்லாரும் எழும்பினார்கள். பூங்காவனம் எழும்பவில்லை.

"எந்த மழைங்க?" என்றார்.

பெரிய கிளாக்கர் இதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. அந்த நேரம் பார்த்து மூலையில் சிட்டை கீச்சிட்டது. கிழித்து மேசையில் வைத்தேன். 0. பெட்டியில் எண்பத்து மூன்று நின்றதைப் பிறகு பார்த்தேன். அப்போது யாருக்கும் பெட்டியைப் பார்க்கத் தோன்றவில்லை. எல்லாரும் பார்த்தது துரையை.

அவர் சிட்டையை எடுத்தார், வாசித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மூலையில் சாய்த்திருந்த கறுப்புக் குடையை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை எடுக்காமலே கதவைத் திறந்து படியிறங்கினார். பங்களா இருக்கும் பக்கமாக, அவசரம் இல்லாமல், தினமும் நடக்கும் நடை. முற்றத்தின் நடுவில் மழை அவரை மூடிவிட்டது. வெள்ளைக் காலுறை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. விமலதாச குடையை எடுத்துக்கொண்டு ஓடப் போனார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

நாங்கள் காத்திருந்தோம். யாரும் உட்காரவில்லை. துரை பங்களா வேலிவரை போய்த்தான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பி வந்து கதவுக்குள் நின்றபோது சட்டைக் கையிலிருந்து தண்ணீர் கயிறு போல விழுந்தது. சட்டைப் பையிலிருந்து சிட்டையை எடுத்தார். அது கையில் மாவாகப் பிரிந்தது.

அதிகாரி திரும்ப உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, சாட்சியிடம் கேட்கும் மரியாதையோடு கேட்டார்:

"மிஸ்டர் ஜயசிங்க, எப்படி நனைஞ்சீங்க?"

துரை யோசித்தார். தகரக் கூரையின் சத்தத்துக்குள் அவர் யோசிப்பது எல்லாருக்கும் கேட்டது போலிருந்தது.

"மழை," என்றார்.

"அப்படியானால் சிட்டை பூச்சியம் என்று சொல்லும்போதும் இந்தத் தோட்டத்தில் மழை பெய்யலாம். இது நிர்வாகத்தின் சாட்சியம்?"

"ஆமா." கொஞ்சம் நிறுத்தி, "எழுதிக்கங்க," என்றார்.

அதிகாரி எழுதினார். துரை கையெழுத்திட்டார், மை கரைந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்ற முடிவு அங்கேயே சொல்லப்பட்டது. கார் பாலத்தைத் தாண்டவில்லை. அதிகாரி அன்றிரவு பங்களாவில் தங்கி, துரையின் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கினார். பூங்காவனம் மகளிடமிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டதையும் பார்த்தேன்.

அதன் பிறகு நான் எழுதியதுதான் ரிஸ்னாவை நாற்காலி திருப்ப வைத்த அந்தப் பக்கம். மூன்று எழுத்துதான் வந்ததா என்று முதலில் பார்க்கும். ஒவ்வொன்றும் இலக்கம்தானா என்று பார்க்கும். பத்தை அடியாகக் கொண்டு மட்டுமே படிக்கும், கடைசி எழுத்துவரை படித்து முடித்தோமா என்று பார்க்கும். கிடைத்த எண் மானி தரக்கூடிய அளவுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கும். எல்லாம் சரியென்றால்தான் எண்ணைத் தரும். சரியில்லையென்றால் எண்ணே தராது, படிக்க முடியவில்லை என்று தனியாகச் சொல்லும். அந்தப் பதிலை எண்ணுக்குள் ஒளித்து வைக்காது. விளிம்பில் போடும் கேள்விக்குறிதான் அது. அதற்கென்று மூன்றாவது சங்கு ஒன்றும் வைத்தேன், மூன்று குட்டை ஊதல். சனங்கள் அதற்குத் 'தெரியாத சங்கு' என்று பெயர் வைத்தார்கள்.

துரைக்கு அது கசந்தது. "நடராஜா, தெரியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு மெஷின் எதுக்கு? அதுக்குத்தான் ஒபிஸ் நெறைய ஆள் வச்சிருக்கேனே." ஆனாலும் அனுமதித்தார். தெரியாத சங்கு ஊதினால் கள உத்தியோகத்தர் பழையபடி மரத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவும் போட்டார்.

அடுத்த தீமிதிக்கு மறுநாள் விடியும்போது, வானத்தில் ஒரு மேகமும் இல்லாமல், தெரியாத சங்கு ஊதியது. போய்ப் பார்த்தால் மழைமானியின் கேபிள் கழன்றிருந்தது. எலி என்றார் விமலதாச. எலி கழற்றிய கேபிளை அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டியும் வைத்திருந்தது. விமலதாச முகத்தைக் கழுவிக்கொண்டு மரத்தில் கை வைத்தார். மழை நாள். நிரல் தன் கடமையைப் பிசகாமல் செய்தது. அதைப் பற்றி நான் பெருமைப்படுவதா இல்லையா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

வேலையிலிருந்து விலகுமுன் தோட்டங்களுக்கெல்லாம் ஒருமுறை போய் வந்தேன். அந்தத் தோட்டத்தில் ஜயசிங்க துரை மாறிப் போய்ப் பல காலம். பூங்காவனம் அதே லயத்தில், அதே காம்பராவில். மலையிலிருந்து பால் வாளியோடு இறங்கி வந்தவர் என்னைக் கண்டதும் நின்றார்.

"கம்பியூட்டர் ஐயாவா? பென்சன் வாங்கிட்டுப் போறீங்களாமே. போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்க. அந்தப் பழைய மெசினு கணக்குல எனக்கு இப்ப என்ன வயசு?"

"நெசத்துல எத்தன?"

"நாப்பத்தெட்டு முடிஞ்சிருச்சு."

மனதுக்குள் தட்டிப் பார்த்தேன். பூச்சியம், நான்கு, எட்டு.

"நாலு," என்றேன்.

வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அதை யோசித்தார்.

"பத்து வருசத்துல ஒரே ஒரு வயசுதான் கூடியிருக்கா? அப்ப நான் பென்சன் எடுக்க இன்னும் கன காலம் கெடக்கு," என்றார். பால் உறையுமுன் சேர்க்க வேண்டும் என்று தொழிற்சாலைப் பக்கம் நடந்தார். தூறல் விழத் தொடங்கியது.